தொட்டவுடன் தெரியும்

காரைக்குடியிலிருந்து சிவகங்கை போகும் பேருந்து. எத்தனை பேர் நிற்கலாம் என்ற விதி பலகையில் எழுதியிருந்தது. அதைப் போல மூன்று மடங்குப் பேர் அந்தப் பலகைக்குக் கீழேயே நின்றோம். எனக்கு முன்னால் இரண்டு தச்சர்கள்.

"அவன் கை என் கையில பட்டாப் போதும்ணே, என் மீசை தப்பிச்சிரும்," என்றான் இளையவன்.

மூத்தவர் சிரித்தார்.

"என்ன சிரிக்கிறீக? ஞாயித்துக்கிழமை நாச்சியாபுரத்துல குங்ஃபூ போட்டி. தோத்தவன் மீசையை எடுக்கணும். பினாங்குலருந்து வந்த வாத்தியார் என்ன சொல்றாரு? கை பட்டவுடனே எதுத்துத் தள்ளக் கூடாது. அவன் தள்ளுனா விட்டுக் குடுக்கணும், பின்வாங்குனா கூடவே போயிரணும். மத்தவனுக்கெல்லாம் வரலை. எனக்கு ஒரே நாள்ல வந்திருச்சு!"

"அதெப்படிறா?"

"ரெண்டாளு ரம்பம்ணே! எட்டு வருசமா மரம் அறுக்கேன். எதிராளு இழுக்கையில நான் விட்டுக் குடுக்கணும், அவன் விடுறப்ப நான் இழுக்கணும். அவன் நினைக்கிறதுக்குள்ள என் கைக்குத் தெரிஞ்சிரும்!"

"சரி, யாரோட மோதுற?"

"நம்ம சவரிமுத்தோடதான்."

"அடேய், அந்த எட்டு வருசமும் ரம்பத்துக்கு அங்குட்டு நின்னு இழுத்தவன் யாருடா?"

இளையவனின் கை மெல்ல மீசைக்குப் போனது. சிவகங்கை வரும்வரை அது கீழே இறங்கவில்லை.