பதினைந்தாம் எண் பாட்டில்

என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கிறது என்று முதலில் சொன்னவர் நீங்கள்தான், கோகிலாம்பாள் மேடம். அதனால்தான் நம் லேபில் தண்ணீர் பாட்டில்களில் எண் ஒட்டும் வேலை என் கைக்கு வந்தது. பதினான்கு என்றால் ஊர்ப் பொதுக்கிணறு. பதினைந்து என்றால் புதிதாகப் போட்ட ஆழ்துளைப் போர். இரண்டு வருடம் கழித்து இந்த இரண்டு எண்களுக்கும் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்.

திருச்சுழிக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் வார்டு மெம்பராக இருந்த ஜான்ராஜ் என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அந்த எழுநூறு அடி போரை வாங்கிக்கொடுத்தவன் அவன்தான். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும். போர் தண்ணீர் இனிக்கும். ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. நாம் முதல் தடவை எடுத்துச் சோதித்தபோது, அந்த இனிக்கிற தண்ணீரில்தான் லிட்டருக்கு நூற்றுப்பத்து மைக்ரோகிராம் யுரேனியம் இருந்தது. முப்பதுதான் எல்லை. கிணற்றில் வெறும் நான்கு.

அறிக்கை வெளியே போகுமுன் அவனைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். உங்களைக் கேட்காமல் சொன்னது என் தப்பு. அவனுக்கு இரண்டு பிள்ளைகள், மனசு கேட்கவில்லை.

மறுவாரம் நான் போனபோது ஊர் கூடியிருந்தது. "இவன் கேன் தண்ணி கம்பெனிக்காரன் ஆளு. நம்ம போரு தண்ணி விஷம்னு சொல்லிட்டு இங்க கேனு விக்கப் பாக்குறான்" என்றான் ஜான்ராஜ். என் பக்கம் திரும்பி, "ஏலே மாரி, விஷம்னா நீ குடிச்சுக் காட்டு. செத்தா நம்புறோம்" என்றான். ஒரு சொம்பு நிறையக் கொடுத்தார்கள். குடித்தேன். சாகவில்லை. ஊர் சிரித்தது, அவனும் சிரித்தான். யார் சிரித்திருந்தாலும் பொறுத்திருப்பேன் மேடம். என்னோடு பத்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் சிரித்ததைத் தாங்க முடியவில்லை.

அவன் மனுப் போட்டதால் அதிகாரிகள் முன்னிலையில் மறுபடியும் தண்ணீர் எடுத்தோம். போரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை மூன்று தடவை அலசி, வடிகட்டி, அமிலச் சொட்டு விட்டு, எல்லாம் நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே செய்தேன். எண் மட்டும் ஒட்டவில்லை, ஜீப்பில் ஒட்டிக்கொள்கிறேன் என்றதும் அதிகாரிகள் தலையாட்டினார்கள். பாலவனத்தம் தாண்டும்போது நீங்கள் ஜீப்பின் முன்சீட்டில் போன் பேசிக்கொண்டிருந்தீர்கள். அப்போது ஒட்டினேன். போர் தண்ணீருக்குப் பதினான்கு, கிணற்றுத் தண்ணீருக்குப் பதினைந்து.

முடிவு தலைகீழாக வந்ததும், "போன தடவை நான்தான் எண்ணை மாத்தி ஒட்டிட்டேன் போல மேடம்" என்று உங்கள் முன்னால் தலைகுனிந்து நின்றேன். நீங்கள் திட்டவில்லை. "தப்பு யாருக்கும் வரும், மாரிசெல்வம்" என்று சொல்லி வேலையில் வைத்துக்கொண்டீர்கள். அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு.

ஊரில் பொதுக்கிணற்றைக் கல்லும் மண்ணும் போட்டு மூடினார்கள். போரிலிருந்து வீட்டுக்கு வீடு குழாய் போனது.

யுரேனியத்தில் 238, 234 என்று இரண்டு வகை உண்டு, மழைநீர் புதிதாக இறங்கும் கிணற்றில் இரண்டின் கதிர்வீச்சும் ஏறக்குறையச் சமமாக இருக்கும், பாறை இடுக்கில் நெடுநாள் கிடந்த தண்ணீரில் 234 தூக்கலாக இருக்கும் என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள். பாட்டிலின் எண்ணை மாற்றலாம், அந்தக் கணக்கை மாற்ற முடியாது. அந்தச் சோதனைக்கு வெளி லேபுக்கு அனுப்பிய பாட்டில்கள் முடிவோடு திரும்ப இரண்டு வருடமாவது ஆகும் என்று எனக்குத் தெரியும்; இப்போது வந்துவிட்டது. ஆகவே நான் உண்மையை அழிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தேன், அவ்வளவுதான்.

இரண்டாம் மாதம் நீர்மட்டம் அளக்கப் போனபோது ஜான்ராஜ் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வெள்ளைத்தாயிடம் கேட்டேன். "அவுக அருப்புக்கோட்டைக்கு வீடு மாத்திப் போயிட்டாகய்யா, பிள்ளைக படிப்புக்கு. அங்க கேன் தண்ணிதானாம், பாவம். நமக்குத்தான் வீட்டு வாசல்லயே இனிப்புத் தண்ணி" என்றாள். ஒரு சொம்பு மோந்து நீட்டினாள். தாகமில்லை என்றேன்.

அன்றைக்கே உங்களிடம் சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகும் மாதம் தவறாமல் இருபத்திரண்டு தடவை அந்த ஊருக்குப் போனேன். எப்படியும் ரிசல்ட் வரத்தானே போகிறது என்று இருந்துவிட்டேன். வெள்ளைத்தாய்க்கு இப்போது கால் இரண்டும் வீங்கி, சிறுநீரகத்துக்கு விருதுநகர் ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். தண்ணீரால்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. அதே தெருவில் இன்னும் நான்கு பேர் மாத்திரை சாப்பிடுகிறார்கள்.

அந்தத் தண்ணீரைக் குடிக்கவிட்டு நான் தண்டிக்க நினைத்தது ஜான்ராஜை மட்டும்தான் மேடம். அந்த ஊர்க்காரர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.