கழுவிய மணல்

மாலை நாலேகாலுக்கு என் நிம்மதி போயிற்று. ஹாஸ்டலிலிருந்து வரும் மகளுக்காக மரக்காணம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பக்கத்தில் இரண்டு ஆர்க்கிடெக்டுகள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"மணலை நாக்குல வச்சுப் பாத்தீங்களா?" என்று கண்ணாடி போட்டவர் கேட்டார். அதைக் கேட்டுத்தான் திரும்பினேன்.

"எதுக்குங்க? கடற்கரை மணல்தான். ஆனா நல்லா கழுவித்தான் லாரியில ஏத்தினோம்," என்றார், வரைபடத்தைச் சுருட்டி வைத்திருந்தவர்.

"எந்தத் தண்ணியில?"

"இங்கதான், உப்பளத்துக்குப் பக்கத்துக் கிணத்துல."

கண்ணாடிக்காரர் சிரித்தார். "உப்பைப் போக்க உப்புத் தண்ணியா? உள்ள கம்பி துரு புடிச்சா தளம் பேந்து விழும். என் கட்டடம் ஒண்ணு அப்படித்தான் போச்சு."

"போன வருஷம் கடல் மணல் போடலாமான்னு உங்களைத்தானே கேட்டேன். அப்ப ஏன் சொல்லலை?"

"என் ஆத்து மணல் எங்கேருந்து வருதுன்னு தோண்டித் தோண்டிக் கேட்டீங்க. வேவு பாக்குறீங்கன்னு நெனச்சேன்."

"அதுக்காக, கழுவினா போதும்னு சொல்லி அனுப்புவீங்களா?"

"சரி, அந்த மணலை எங்க போட்டீங்க?"

"பாண்டி ரோட்டுல கான்வென்ட் ஹாஸ்டல் இருக்குதே, அதோட மாடித் தளத்துக்கு. சிஸ்டருங்ககிட்ட சொல்லிடாதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? சொன்னா என் கட்டடத்துக் கதையும் வெளிய வருமே."

என் மகள் இருப்பது அந்த ஹாஸ்டலில்தான். அவர் கையிலிருந்த வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ் வந்தது. மகள் பையோடு இறங்கி ஓடிவந்தாள்.

"அம்மா, திங்கக்கிழமையிலேருந்து புது மாடியில படுக்கப் போறோம். சிஸ்டர் எங்க கிளாசுக்குத்தான் முதல்ல குடுத்தாங்க."