வளைவில் கட்டிய துணிகள்

மாவட்ட மன்றத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நுவாலா டோலன் அம்மையாரே, ஒரு மாத நினைவுத் திருப்பலி முடிந்து மழையில் நனைந்தபடி இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் லீட்ரிம் பெருமக்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

கவுன்சிலர் ஃபெர்கல் டோலன் மறைந்து ஒரு மாதம் ஆகிறது. அவரைப் புகழ்ந்து பேச என்னை மேடையேற்றியிருக்கிறார்கள். மன்றத்தில் வருடக்கணக்காக அவரை எதிர்த்தே பேசிய இந்த மாலக்கியை! மேலே இருந்து அவர் சிரித்துக்கொண்டிருப்பார். சிரிக்கட்டும்.

எதற்காக எதிர்த்தேன்? உயிர்வேலிக்காக! மார்ச் முதல் ஆகஸ்ட் முடிய, குருவிகள் கூடு கட்டும் காலத்தில், வேலியை வெட்டக்கூடாது என்பது சட்டம். சாலையில் போகிறவர்களுக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. எங்களைப் போன்ற விவசாயிகள் என்ன செய்தோம்? "ஆபத்து, ஆபத்து" என்று சொல்லி மே மாதத்திலேயே மைல் கணக்கில் மொட்டையடித்தோம். பறவைகளைக் காக்கிறோம் என்று கிளம்பிய பறவைக்காரர்கள் என்ன செய்தார்கள்? எதிரே வரும் வண்டி தெரியாத பள்ளிக்கூட வளைவில்கூட ஒரு கிளையைத் தொடவிடவில்லை. நடுவில் நின்றவர் ஒருவர்தான்! "வளைவை மட்டும் வெட்டுங்கள், மற்றதை விடுங்கள், வெட்டும் முன்னால் கூடு இருக்கிறதா என்று பாருங்கள்" என்றவர் ஒருவர்தான்! நாங்கள் அவரைக் குருவிக் கவுன்சிலர் என்றோம். அவர்கள் அவரைக் கொலைகாரர் என்றார்கள். இரண்டு பக்கமும் அடி வாங்கினார், மத்தளம் மாதிரி.

ஒருநாள் மன்றத்தில் நான் எகிறி எகிறிப் பேசி முடித்ததும் அவர் எழுந்தார். "மாலக்கி, இந்த அயர்லாந்துல மழைக்கும் வேலிக்கும் பஞ்சமே இல்ல. நீ வாயாலயே அத்தனை வேலியையும் வெட்டிருவ போல. டிராக்டருக்கு டீசல் மிச்சம்யா!" என்றார். மன்றமே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ஜூன் மாதம், அலையாய் அலைந்து, பள்ளிக்கூட வளைவை வெட்ட அனுமதி வாங்கிவந்தார். வேலி வெட்டும் கார்மக் டிராக்டரோடு வந்து நின்றான். அப்போதுதான் முள்மரத்தின் அடியில் மஞ்சள் தலைக் குருவியின் கூடு கண்ணில் பட்டது. உள்ளே குஞ்சுகள்.

"ஒரு வாரம் பொறுத்துக்கப்பா கார்மக். குஞ்சு பறந்துரட்டும், அப்புறம் வெட்டிக்கலாம்" என்றார் ஃபெர்கல்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். "ஒரு வாரம் பொறுக்கச் சொல்லி வளைவுகிட்டயும் சொல்லிட்டியாய்யா?" என்று கேட்டேன்.

குஞ்சுகள் பறந்துவிட்டனவா என்று பார்க்கத்தான் அந்த வாரம் தினமும் சைக்கிளில் போனார். நான்காம் நாள் காலை பால் லாரி வந்தது. டெக்லன், கதவோரம் நிற்காதே, உள்ளே வந்து உட்கார். நீ மெதுவாகத்தான் ஓட்டிவந்தாய், வேலி மறைத்துவிட்டது. இங்கே உன்னைக் குற்றம் சொல்கிறவர் யாருமில்லை. உட்காரப்பா.

அவர்மேல் மோதாமல் இருக்க லாரியைத் திருப்பினான். அப்படியும் மோதியது. லாரி வேலிக்குள்ளும் போய் நின்றது. மனிதனும் போனான், கூடும் போனது. எதற்காக அவர் அத்தனை வருடம் அடி வாங்கினாரோ, அதில் ஒன்றாவது மிஞ்சியதா? ஐயோ, ஒன்றுமே மிஞ்சவில்லையே!

அன்றே போய்விடவில்லை அவர்; ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடிக் கிடந்த அந்த வாரங்களில் நாம் என்ன செய்தோம்? நம் வழக்கப்படி வேண்டிக்கொண்டு முள்மரத்தில் துணி கட்டினோம். முதல் துணியை நுவாலா கட்டினார், கணவரின் நீலச் சட்டையிலிருந்து கிழித்து. பிறகு ஊரே கட்டியது. அவரைத் திட்டியவர்களும் கட்டினார்கள். நானும் என் பச்சைக் கழுத்துப்பட்டையைக் கிழித்துக் கட்டினேன். அந்த வளைவு முழுக்க இன்று துணி.

துணி கட்டினால் அது தானாக மட்கி விழவேண்டும். அவிழ்ப்பவனுக்கு அதில் இறக்கிவைத்த நோய் வந்து சேரும். இதை இங்கே யாருக்கும் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் போன வாரம் கார்மக் வந்து பார்த்துவிட்டு டிராக்டரைத் திருப்பிக்கொண்டு போனான்.

"ஐயா, எனக்கும் புள்ளகுட்டி இருக்கு. ஊரோட நோவையெல்லாம் என் பிளேடுல சுத்திக்கச் சொல்றீங்களா? வேற ஆளப் பாருங்க" என்றான்.

வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? ஆகஸ்ட் நாளையோடு முடிகிறது. சட்டத்தின் தடையும் முடிகிறது. பறவைக்காரர்களே வெட்டுங்கள் என்கிறார்கள். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது, பிள்ளைகள் அந்த வளைவில்தான் நடந்து வருவார்கள். வேலியோ ஜூனில் இருந்ததைவிட ஒரு முழம் வெளியே நீண்டு நிற்கிறது. இன்று தடுப்பது சட்டமா? குருவியா? நம் துணிதானே, பெருமக்களே! அவர்மேல் வைத்த அன்புதானே!

இன்று காலை நான் போய் என் துணியை அவிழ்த்தேன். இதோ, சட்டைப்பையில் இருக்கிறது. நோய் வந்தால் வரட்டும். என்னிடம் ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்குப் பின்னால் அதுவும் வரிசையில் நிற்கட்டும். மற்றவர்களுடையதையும் அவிழ்க்கப் பார்த்தேன். அந்த நீலத்துணியில் கை வைத்தேன். முடியவில்லை. வந்துவிட்டேன்.

"அன்னார் விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம்" என்று உறுதி சொல்லி முடிக்கும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். சொல்கிறேன். கூட்டம் முடிந்ததும் நான் மறுபடி வளைவுக்குப் போகிறேன். அவரவர் கட்டியதை அவரவர் அவிழ்த்தால் நாளை மறுநாள் கார்மக் வெட்டிவிடுவான். என்னோடு வருகிறவர்கள் கை தூக்குங்கள்.

ஒருவருமா இல்லை?

நுவாலா, நீங்கள் தூக்க வேண்டாம். உங்களை நான் கேட்கவில்லை.

சரி. தரையைப் பார்த்தது போதும், நிமிருங்கள். எனக்கும் பயம் இருக்கிறது, உங்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. ஃபெர்கல், நீ வாங்கிய அடியெல்லாம் வீண்தானய்யா.

பின்னால் தேநீரும் ரொட்டியும் வைத்திருக்கிறார்கள். சாப்பிடாமல் போகாதீர்கள். வீட்டுக்குப் போகும்போது அந்த வளைவில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போங்கள். வேறெதையும் உங்களிடம் கேட்க இப்போது எனக்குத் துணிவில்லை.