கீழே வைக்காத காசு

பழங்காசுகளைப் பார்த்து வாங்கப் போகிற நாளில் நான் காப்பி குடிப்பதில்லை. கை நடுங்கும். லென்ஸுக்குக் கீழே காசு கொஞ்சம் அசைந்தாலும் பார்க்க வேண்டியது பார்வைக்குத் தப்பிவிடும். மஞ்சள் தாள் கட்டு ஒன்றைக் கொடுத்து, நடந்ததை என் வார்த்தையிலேயே எழுதச் சொன்னீர்கள், மேடம். எழுதுகிறேன். எதையும் நிதானமாகச் செய்து பழகியவன் நான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் மெர்ட்டன் ஆல்ஸ்பாக். வயது எழுபத்தொன்று. ஓஹையோவின் இந்த மூலையில் முப்பத்தோரு வருஷம் மருந்துக் கடை நடத்தினேன். வருஷத்துக்கு இரண்டு முறை இங்கே மாவட்டத் திடலில், மாடுகளை ஏலம் விடும் அதே கூடத்தில், காசுக் கண்காட்சி நடக்கும். எவ்வளவு கழுவிவிட்டாலும் மாட்டு வாடை போகாது. ஐம்பது அறுபது மேசைகளில் வியாபாரிகள் பச்சைத் துணி விரித்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு மூலையில் தேவாலயத்துப் பெண்கள் கொத்துக்கறி வைத்த ரொட்டி விற்பார்கள்.

நான் வாங்குகிறவன். அதிலும், விலை குறைத்துப் போட்ட காசை மட்டும் வாங்குகிறவன். பழைய செப்புக் காசுகள் ஒரே வருஷத்தில் அடித்தவை என்றால் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் காசு அடிக்கிற அச்சு சீக்கிரம் உடையும். உடைந்தால் இன்னொன்றைக் கையால் வெட்டுவார்கள். புது அச்சில், காசில் உள்ள இலை வளையத்தின் ஓர் இலை அரை நூல் தள்ளி நிற்கும், ஓர் எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும். சில அச்சுகளில் அடித்தவை உலகத்திலேயே இருபது முப்பதுதான் மிஞ்சியிருக்கும். விற்கிறவருக்கு அது தெரியாது. எல்லாவற்றுக்கும் போடும் விலையைப் போட்டு வைத்திருப்பார். நான் அந்த விலையில் ஒரு சென்ட்கூடக் குறைத்துக் கேட்டதில்லை. அவர் படிக்காததை நான் படித்திருக்கிறேன், அவ்வளவுதான். இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

எங்களுக்குள் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அது தெரியாமல் இந்த விஷயம் உங்களுக்கு விளங்காது. ஒருவர் கையில் காசு இருக்கிறவரை பேரம் அவருடையது. பக்கத்தில் நிற்கிறவர் விலை கேட்கக் கூடாது, கையும் நீட்டக் கூடாது. அவர் அதைத் துணிமேல் வைத்துவிட்டால் அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம். கை குலுக்கிவிட்டால் வியாபாரம் முடிந்தது. நாற்பது வருஷத்தில் இந்தச் சட்டத்தை நான் ஒரு தடவைகூட மீறியதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அங்கே மேசை போடுகிற வியாபாரி ஆர்லின் கோப் என் நண்பன். எனக்கு இருந்த ஒரே நண்பன் என்றும் சொல்லலாம். சனிக்கிழமை மதியம் அவன் மேசைக்குப் போனேன். அவன் மனைவி நெல்டா ரொட்டிக் கடையில் உதவிக்குப் போயிருந்தாள்.

"வந்துட்டான்யா பருந்து," என்றான். "கொத்திட்டுப் போனா எனக்கு எலும்புதான் மிஞ்சும்."

"நீ புத்தகத்தத் தொறக்க மாட்டேங்கிற. அதுக்கு நான் என்ன பண்றது?"

"படிச்சுப் படிச்சு உன் கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிருச்சு. உக்காருடா. உக்காந்து கிண்டு."

உட்கார்ந்து அவன் காசுப் பெட்டியைக் கிண்டினேன். பன்னிரண்டாவது உறையிலோ பதின்மூன்றாவதிலோ அது இருந்தது. 1797ஆம் வருஷத்துக் காசு. உறைமேல் ஆர்லினின் கோணல் எழுத்தில் நாற்பத்தைந்து டாலர் என்று எழுதியிருந்தது. லென்ஸை வைத்தேன். இலை தள்ளி நின்றது. இருபத்தாறு வருஷமாக நான் தேடிய அச்சு அது. எவ்வளவு சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. என் மகள் பிறந்த அன்றுகூட அப்படி இருக்கவில்லை. முகத்தில் மட்டும் எதையும் காட்டவில்லை, அது பழக்கம்.

அப்போதுதான் ஆர்லின் நெஞ்சைப் பிடித்தான்.

சட்டைப் பையிலிருந்து சின்னப் புட்டியை எடுத்தான். கை உதறியதில் புட்டி உருண்டு என் பக்கம் வந்து நின்றது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை. இரண்டு மூன்று நிமிஷத்தில் வேலை செய்யும். என் கடையில் ஆயிரக்கணக்கில் கொடுத்திருக்கிறேன்.

"மெர்ட்... அதக் குடு," என்றான்.

இடது கையால் புட்டியை எடுத்தேன். வலது கையில் காசு. திறக்க வேண்டுமானால் காசைக் கீழே வைக்க வேண்டும். அடுத்த மேசையில் டுவைட் ஸ்டோல் நின்றுகொண்டிருந்தான். இந்தக் கூடத்தில் என்னளவுக்குப் படித்தவன் அவன் ஒருவன்தான். நான் வைத்தால் அவன் எடுப்பான், சட்டம் அவன் பக்கம் இருக்கும். காசைப் பையில் போட்டுக்கொண்டு ஆர்லினைக் கவனித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். பணம் கொடுக்காமல், கை குலுக்காமல் பையில் போடுவதற்குப் பெயர் திருட்டு. நான் திருடன் இல்லை.

"வித்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு ஆர்லின்," என்றேன். இரண்டு தடவை கேட்டேன். அவனால் பேச முடியவில்லை. என் கையில் இருந்த புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தலை தோளில் சாய்ந்தது.

டுவைட் இந்தப் பக்கம் திரும்பினான். "என்னப்பா, ஆர்லினுக்கு ஒடம்பு ஏதும் சரியில்லையா?"

புட்டியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். "தூங்குறான். மத்தியானம் சாப்ட்டா இப்படித்தான், உனக்குத் தெரியாதா?"

"குறட்டையக் காணோமே," என்று சிரித்தான். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தான். நான் காசை விடவில்லை. "சரி, பசிக்குது," என்று சொல்லிவிட்டு ரொட்டிக் கடைப் பக்கம் நடந்தான். நல்ல மனிதன். நான் சொன்னதை அவன் உங்களிடம் வந்து சொன்னதற்காக அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

பணத்தை எண்ணி ஆர்லினின் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்தேன். அவன் கை மேசைமேல்தான் கிடந்தது. அதைப் பிடித்துக் குலுக்கினேன். இன்னும் சூடு இருந்தது. அதற்குப் பிறகே காசைப் பையில் போட்டேன், சத்தம் போட்டு ஆட்களைக் கூப்பிட்டேன். எல்லாம் சேர்த்து எட்டு நிமிஷம் ஆகியிருக்கும். நெல்டா மாவுக் கையோடு ஓடி வந்தாள். அவளைத் தாங்கிப் பிடித்தது நான்தான்.

புட்டி விஷயத்தில் ஒரு திருத்தம். நேற்று வாயால் சொன்னபோது, அதைத் திறக்க இரண்டு கை வேண்டும் என்று சொன்னேன். குழந்தைகள் திறக்க முடியாத மூடி மற்ற மருந்துகளுக்குத்தான். இந்த மாத்திரைக்கு அந்த மூடி போடுவதில்லை, நோயாளிக்கு அவசரத்தில் திறக்க வர வேண்டுமே. கட்டைவிரலால் தள்ளினால் திறந்துவிடும். அது எனக்கு அப்போதும் தெரியும். ஆனால் கவனம் இரண்டு இடத்தில் இருந்தால் காசு நழுவிவிடும்.

ஆகவே எழுதிக் கொடுக்கிறேன். ஆர்லின் கோப் பிழைத்திருப்பான். மருந்து என் கையில் இருந்தது, நான் கொடுக்கவில்லை, விசாரித்தவனையும் பொய் சொல்லி அனுப்பினேன். கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

இன்னொன்றையும் எழுதினால்தான் இது முழுமையாகும். அடக்கம் முடிந்து தேவாலயத்தில் சாப்பாடு போட்டார்கள். நெல்டா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தக் காசு கெடச்சுதா மெர்ட்டன்?" என்று கேட்டாள்.

எந்தக் காசு என்றேன்.

"செப்புக் காசு. ஏதோ இலை தள்ளியிருக்குமாமே. போன மாசம் ஒரு ஏலத்துல ரெண்டாயிரத்துக்கு மேல குடுத்து எடுத்தாரு. உங்களுக்குன்னுதான். கையில குடுத்தா வாங்க மாட்டான், அவனே தேடிக் கண்டுபிடிச்சாத்தான் அவனுக்கு ருசின்னு சொல்லி, நாப்பத்தஞ்சுன்னு எழுதிப் பெட்டியில போட்டாரு. அவன் மூஞ்சியப் பாக்கணும்னு அன்னிக்குக் காலையிலேர்ந்து ஒரே சிரிப்பு. டுவைட் கை வச்சா அது வித்தாச்சுன்னு சொல்லிடுன்னு எங்கிட்டயும் சொல்லி வச்சாரு."

தட்டில் இருந்ததை என்னால் சாப்பிட முடியவில்லை. அன்றிலிருந்து சரியாகத் தூக்கமும் இல்லை. காசை ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன், எந்தச் சந்தோஷமும் வரவில்லை. நாற்பது வருஷத்தில் நான் கண்டுபிடிக்காத காசு ஒன்றுகூட என் வீட்டில் இருந்ததில்லை, இப்போது ஒன்று இருக்கிறது. டுவைட்டுக்கு விற்க மாட்டேன் என்று ஆர்லின் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் காசைக் கீழே வைத்திருப்பேன், அவனும் இன்று உயிரோடு இருந்திருப்பான். கூடவே பழகிய நண்பனை இப்படி ஏமாற்ற அவனுக்கு எப்படி மனசு வந்தது என்றுதான், மேடம், எனக்கு இன்னும் விளங்கவில்லை.