பதினோராம் தட்டில் பிள்ளைகள்

பெரிய கப்பலில் ஏறுகிற அன்று பெட்டிகள் உடனே அறைக்கு வந்து சேராது. பின்னேரம் ஆகிவிடும். அதனால் பிள்ளைகளின் நீச்சல் உடுப்பையும் மருந்தையும் தனியாகக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. ஐஸ்கிரீம் நாள் முழுக்கக் கிடைக்கும், அதற்குக் காசு கேட்கமாட்டார்கள். சோடாவுக்குக் கேட்பார்கள். இதையெல்லாம் எந்தக் கப்பலிலும் ஏறாமலேதான் சொல்கிறேன். கடலையே நான் இரண்டு தரம்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு தரமும் வேலையில்லாப் பட்டதாரிகளின் ஆர்ப்பாட்டத்துக்குக் கொழும்பு போனபோது.

நீங்கள் கேட்டது புத்தகத்தைப் பற்றி, லோயர் மிஸ். முதலில் அதைச் சொல்கிறேன். நாற்பது பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு. வழுவழுப்பான தாள், எல்லாம் இங்கிலீஷ். குடும்பத்தோடு முதல் முறை கப்பலில் போகிறவர்கள் அங்கே எதை எதிர்பார்க்கலாம் என்று விளக்குகிற புத்தகம். அட்டையில் ஒரு பையன் தண்ணீர்ச் சறுக்கில் வாயைத் திறந்தபடி சறுக்கி வருகிறான். கீழே அவனுடைய அப்பாவும் அம்மாவும் கையை விரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அந்த அட்டையைப் பார்த்தால் பொலிஸ்காரனுக்கும் சிரிப்பு வரும்.

புத்தகம் ஜீவராணிக்கு வந்தது. ஜீவராணி என் சித்தி வெள்ளையம்மாவின் மகள். ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது. லயத்து வரிசை வீடுகளில் அவர்கள் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர். அவள் அங்கே தும்மினால் இங்கே கேட்கும். என்னைவிட ஐந்து வயது இளையவள். ஓ எல் பரீட்சையில் கணக்குப் பாடம் இரண்டு தரம் பெயில். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. தாய்மார் ரப்பர் பால் வெட்டப் போகும்போது கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். எந்தப் பிள்ளை அழுதாலும் அவள் இடுப்பில் ஏறினால் வாயை மூடிக்கொள்ளும். அதை ஒரு திறமை என்று நான் நினைத்ததில்லை. அதற்குச் சான்றிதழ் கிடையாது.

எனக்குச் சான்றிதழ் இருக்கிறது. பேராதனை, கலைப் பட்டம், இரண்டாம் வகுப்பு. இந்தத் தோட்டத்தில் முதல் பட்டதாரி நான்தான். முடித்து வந்த அன்று கோயிலில் மைக்கில் என் பெயரைச் சொல்லி மாலை போட்டார்கள். என் அப்பா நல்லையா அடுத்த நாள் பால் வெட்டப் போகவில்லை. அவர் வேலைக்குப் போகாமல் நின்ற நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். அதற்குப் பிறகு மூன்று வருசம் நான் வீட்டில் இருந்தேன். ஊராரின் கடிதங்களை வாசித்தேன், படிவம் நிரப்பினேன், பெட்டிசம் எழுதினேன்.

2008 ஏப்ரல் விடுமுறையில் ஜீவராணி கித்துல்கலையில் ஒரு விடுதிக்குப் போனாள். ஆற்றில் படகு விட வருகிற வெள்ளைக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்கள். அங்கே ஒரு மேடம் வந்திருந்தார். ஏதோ ஒரு பெரிய கப்பலில் பிள்ளைகள் பகுதியை நடத்துகிறவர். யாரோ ஒருவருடைய குழந்தை ஒரு மணித்தியாலமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. இவள் போய் இடுப்பில் தூக்கியிருக்கிறாள். அவ்வளவுதான். பரீட்சை இல்லை, நேர்முகம் இல்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்து, பாஸ்போர்ட் எடுத்து அனுப்பு, கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டார் அந்த மேடம்.

பாஸ்போர்ட் படிவத்தை நிரப்பியது நான். மேடத்துக்கு மின்னஞ்சல் எழுதியதும் நான். ருவான்வெல்லை பஜாரில் நுஹ்மான் நானாவின் இன்டர்நெட் கடையில் இருந்து, என் முகவரியில். அவளுக்கு முகவரி கிடையாது, இங்கிலீஷும் கிடையாது. தண்ணீர் பிடிக்கிற பீலியடியில் மீனாம்பாள் அக்கா குடத்தை வைத்துவிட்டு எல்லார் முன்னிலையிலும் சொன்னாள்: “படிச்சவ வாசலக் கூட்டுறா, படிக்காதவ கப்பலேறுறா.” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜீவராணி மட்டும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பொறாமை என்று எழுதிக்கொள்கிறீர்கள். வேண்டாம், மிஸ். பொறாமை, ஒன்றும் இல்லாதவளுக்கு வருவது. எனக்குப் பட்டம் இருந்தது.

புத்தகத்தை விளக்கச் சொல்லி அவள் மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். அவள் ஒரு சீ ஆர் கொப்பியில் எழுதிக்கொண்டாள். நான் நன்றாகத்தான் சொன்னேன். ஒரு பக்கத்தைக்கூட இடையில் விடவில்லை. கப்பலில் எத்தனை தட்டு, எந்தத் தட்டில் சாப்பாடு, எந்தத் தட்டில் பிள்ளைகள், எல்லாம்.

“அக்கா, கப்பல்ல வாந்தி வந்தா எங்க எடுக்குறது? அதப் போட்டிருக்கானா?” என்று கேட்டாள். போட்டிருந்தது. நடுத்தட்டில், கப்பலின் நடுப்பகுதியில் இருந்தால் ஆட்டம் குறைவு, பச்சை அப்பிள் சாப்பிடலாம் என்று. அதையும் எழுதினாள். அந்தப் பக்கம் சித்தி சுவருக்கு அப்பாலிருந்து, “அவ கேகாலைக்குப் பஸ்ஸுல போனாலே எடுப்பா, அப்பிளாம் அப்பிளு” என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்த நேரம் எனக்கு அவளில் ஒரு கோபமும் இருக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசி ஞாயிறு கொப்பியை மூடிவிட்டு அவள் சொன்னாள்: “நீயும் வந்துரு அக்கா. நான் மேடம்கிட்ட சொல்றேன். புள்ளைங்களுக்குச் சோறூட்டவும் ஆளு எடுப்பாங்களாம்.”

அவள் மனதாரத்தான் சொன்னாள். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். பல்கலைக்கழகத்தில் நாலு வருசம் படித்த எனக்கு, சோறூட்டுகிற வேலைக்கு, கணக்கில் பெயிலான இவளுடைய சிபாரிசு. யோசிக்கிறேன் என்றேன். புத்தகம் என்னிடம் இருக்கட்டும், இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றேன். தந்துவிட்டுப் போனாள். பட்டச் சான்றிதழ் இருக்கிற பைலில் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து பொலிஸ் ஜீப் வந்தது. காலை ஒன்பது மணி இருக்கும். பிள்ளைக் காம்பராவுக்கே போய்விட்டார்கள். அவள்மேல் ஒரு மொட்டைப் பெட்டிசம் போயிருந்தது. பிறகு லயத்துக்கு வந்து அவள் பெட்டியைக் கிளறிக் கொப்பியை எடுத்தார்கள். அவள் இடுப்பில் ஒரு பிள்ளை இருந்தது. அதை யாரிடம் கொடுப்பது என்று சுற்றிப் பார்த்தாள். நான் பக்கத்தில் நின்றேன், என்னிடம் தந்துவிட்டு ஏறினாள். அந்தப் பிள்ளை என் கையில் பகல் வரைக்கும் அழுதது.

ஸ்டேசனில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அன்றைக்கு இல்லை. தோட்டத்தில் ஒரு பட்டதாரிப் பெண் இருக்கிறாள், மூன்று மொழியும் தெரியும் என்று கிராம சேவகர் சொல்லியிருக்கிறார். பின்னேரம் ஆள் அனுப்பினார்கள். கதிரை தந்தார்கள், பிளேன்டீ தந்தார்கள். ஸ்டேசன் பெரியவர் என்னை நங்கி, தங்கச்சி என்று மரியாதையாகப் பேசினார். இந்த மூன்று வருசத்தில் ஓர் அலுவலகத்தில் எனக்குக் கதிரை தந்தது அன்றைக்குத்தான்.

கொப்பியைச் சிங்களத்தில் வாசித்துக் காட்டினேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை, அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். கப்பலில் மொத்தம் மூவாயிரம் பேர். முதல் நாள் நான்கு மணிக்கு எல்லாரும் ஓர் இடத்தில் கூடுவார்கள். ஏழு சிறிய சங்கு, ஒரு நீண்ட சங்கு. உயிர்காப்புப் படகுகள் நான்காம் தட்டில், இரண்டு பக்கமும். கப்டன் இரண்டாம் நாள் சாப்பாட்டுக்கு வந்து எல்லாரோடும் படம் எடுப்பார். ஊழியர்கள் போகிற கதவு வேறு. பிள்ளைகள் பதினோராம் தட்டில், பின்பக்கம், ஒன்பது மணியிலிருந்து தாய் தகப்பன் இல்லாமல் இருப்பார்கள். கையில் இலக்கம் போட்ட பட்டி.

பெரியவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். எந்தக் காலம் என்று உங்களுக்குத் தெரியும்தானே. வடக்கில் சண்டை, பஸ்ஸில் ஒரு பை தனியாக இருந்தாலே குண்டு என்று எல்லாரும் இறங்கி ஓடிய காலம். அந்தக் கொப்பியில் ஐஸ்கிரீமும் இருந்தது, பச்சை அப்பிளும் இருந்தது. அதையும் வாசித்தேன். ஆனால் அதற்குள் அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார்.

இதை எங்கேயிருந்து எழுதினாள், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கச் சொன்னார். அவளைக் கூட்டி வந்து வாங்கில் உட்கார வைத்தார்கள். தோளில் பிள்ளை கக்கிய பால் காய்ந்திருந்தது. நான் கேட்டேன். அவள் என்னையே பார்த்தாள். நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள் போல.

“புத்தகம் ஒண்ணு இருந்துச்சு. தொலச்சிட்டேன்.”

“யாரு வாசிச்சுச் சொன்னா?”

“யாரும் இல்ல.”

என்னையும் இழுத்துப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து அவள் பொய் சொன்னாள். எனக்கு அது அப்போதே விளங்கியது. அவள் சொன்னதை அப்படியே சிங்களத்தில் சொன்னேன். ஒருத்தி பொய் சொன்னால் மொழிபெயர்க்கிறவள் என்ன செய்ய முடியும்?

அந்தப் பெட்டிசத்தை எழுதியது யார் என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை. நாகரிகம் பார்க்கிறீர்கள். நான்தான். இடது கையால், சிங்களத்தில், பெயர் போடாமல். அவிசாவளைக்குப் போய்த் தபாலில் போட்டேன். இன்ன தோட்டத்தில் இன்ன பெண் ஒரு வெளிநாட்டுக் கப்பலைப் பற்றிய விபரங்களை எழுதி வைத்திருக்கிறாள், அந்தக் கப்பலில் ஏற ஆயத்தப்படுகிறாள், விசாரிக்கவும். ஒவ்வொரு சொல்லும் உண்மை. எங்கள் பக்கத்தில் பெட்டிசம் என்பது பெரிய விசயமில்லை, மிஸ். கங்காணியை மாற்ற, ஒருவனுக்கு வீடு கிடைக்காமல் செய்ய, கோயில் தலைவரை இறக்க, எல்லாவற்றுக்கும் ஒன்று போடுவார்கள். அதிலே பாதியை எழுதியது நான். ஒன்றும் நடக்காது. காரியம் ஓர் ஆறு மாசம் இழுபடும், அவ்வளவுதான். வெளிநாடு போக அவளுக்கு வேண்டிய பொலிஸ் ரிப்போர்ட்டும் அப்படி இழுபடும், மேடம் வேறு ஆளை எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஸ்டேசனில் அந்தக் கதிரையில் இருந்தபோது இது இழுபடுகிற காரியமில்லை என்று விளங்கியது. விளங்கிய பிறகுதான் மொழிபெயர்த்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

மேடத்தின் மின்னஞ்சல் ஒன்று வந்தது. ஏன் இன்னும் வரவில்லை, பிள்ளைகள் பகுதியில் இடம் பிடித்து வைத்திருக்கிறேன் என்று. அவளுக்குக் கலியாணம் ஆகிவிட்டது, புருசனுக்கு விருப்பமில்லை என்று பதில் போட்டேன். இரண்டே வரி. இலக்கணப் பிழை இல்லை. வாழ்த்துகள் என்று திருப்பி எழுதினார். அந்த இடத்துக்கு என்னை எடுக்க முடியுமா என்று அடுத்த கிழமை கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

இப்போது சண்டை முடிந்துவிட்டது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். அவள் இன்னும் உள்ளே இருக்கிறாள். பதினான்கு மாசம். சிறையிலிருந்து பதினொரு கடிதம் வந்தது. சித்திக்கு வாசிக்கத் தெரியாது, என்னிடம்தான் கொண்டுவருவாள். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரே விசயம்தான் இருந்தது. அந்தப் பையன் சறுக்குகிற படம் போட்ட புத்தகம் வீட்டில்தான் எங்கேயாவது கிடக்கும், அக்காவை நன்றாகத் தேடிப் பார்க்கச் சொல்லு என்று. என்னிடம் இருக்கிறது என்று ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. கடிதத்தை அங்கேயும் வாசிப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். உங்களிடமும், அக்கா மறந்திருப்பா என்றுதான் சொல்லியிருப்பாள்.

வாசித்து முடித்ததும் சித்தி கேட்பாள்: “ஏதும் கேட்டிருக்காளா புள்ள?”

“ஒண்ணும் கேக்கல சித்தி. சொகமா இருக்காளாம்.”

நான் இல்லாததை வாசிக்கவில்லை. ஒரு வரியை வாசிக்காமல் விட்டேன். பதினொரு தரம்.

புத்தகம் பைலில் இருக்கிறது. எரித்திருக்கலாம், எரிக்கவில்லை. எடுத்துத் தருகிறேன், நீங்கள் நீதிமன்றத்தில் காட்டுங்கள். அட்டையைப் பார்த்தால் விட்டுவிடுவார்கள், எனக்குத் தெரியும், அன்றைக்கே தெரியும். ஆனால் வழக்கு முடிந்ததும் அதை எனக்குத் திருப்பித் தர வேண்டும். அவளிடம் கொடுத்துவிடாதீர்கள். அவளுக்கு அதில் ஒரு வரிகூட விளங்காது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தது நான் ஒருத்திதான். நியாயமாகப் பார்த்தால் அந்தப் புத்தகம் என்னுடையது.