கைப்பிடியில் தொங்கிய துண்டு

டீ நன்றாக இருக்கிறது சார். ஸ்டேஷன் டீ கழனித்தண்ணி மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன், என் தப்பு. நீங்கள் உட்காருங்கள், நிதானமாகவே சொல்கிறேன். முதலில் அந்தத் தர்மனை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பீடி பற்றவைக்கக்கூடப் பக்கத்திலிருப்பவனைக் கேட்டுவிட்டுப் பற்றவைக்கிற ஆள் அவன். மெஷின் ஆபரேட்டர் கவனக்குறைவாக சுவிட்சைப் போட்டுவிட்டான் என்று நீங்கள் எழுதியதைக் கேட்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. கவனக்குறைவாம்.

எங்களுக்கு உடையார்பாளையம் பக்கம். முந்திரித் தோப்பு இருக்கிறது. டிப்ளமோ முடித்துவிட்டுச் சும்மா திரிகிறேன் என்று அப்பாதான் இந்தக் குப்பை ஆலையில் அப்ரண்டிஸாகத் தள்ளிவிட்டார். ஊர் ஊராக வருகிற பிளாஸ்டிக்கை அரைத்து, சிமெண்ட் ஆலைகளுக்கு எரிக்க அனுப்புகிற இடம். மெஷின் பராமரிப்பு படிக்கப் போனவன், முதலில் மூச்சை அடக்கத்தான் படித்தேன். என்னோடு சேர்ந்த விக்கிரமங்கலத்து அறிவரசனுக்கு அந்த நாற்றம் ஒன்றும் செய்யவில்லை. பழக்கம் இருக்குமல்லவா. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன். தண்ணீர் பாட்டிலை மட்டும் தனியாக வைத்துக்கொள்வேன்.

சேர்ந்த அன்றைக்கே தோளில் கை போட்டான். "என்னடா பிரேமு, சாப்புட்டியாடா?" என்றான். அவன் ஊர்ப் பெரியவர்கள் எங்கள் தோப்புக்குக் கொட்டை பொறுக்க வந்தால், பள்ளிக்கூடம் போகிற என் தம்பியைக்கூட 'வாங்க' என்பார்கள். இவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலிருக்கிறது. நானும் போனால் போகிறது என்று விட்டுவிட்டேன். பயிற்சி முடியட்டும், நான் நிரந்தரமாகிவிட்டால் அவனே கைகட்டி நிற்பான் என்று இருந்தேன்.

பயிற்சி முடிந்ததும் தலைமை மெக்கானிக் செல்லமுத்து எங்களைக் கூப்பிட்டார். இருந்தது ஒரே ஒரு வேலை.

"அறிவு கை வச்சா மெஷின் சொன்னபடி கேக்குதுப்பா. அவனே இருக்கட்டும். பிரேமு, நீ இன்னும் ஒரு வருசம் அவன்கிட்ட ஸ்பேனர் எடுத்துக் குடுத்துக்கிட்டு இரு, தானா வந்துரும்."

அறிவரசன் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். இனிமேல் அம்மாவை வயல் வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்று பீற்றிக்கொண்டான். நானும் சாப்பிட்டேன். அன்றிலிருந்து 'டேய், பதினாலாம் நம்பர் எடுடா' என்று அவன் சொல்லச் சொல்ல நான் எடுத்துக் கொடுத்தேன் சார். யோசித்துப் பாருங்கள், உங்களால் முடியுமா?

அரைக்கிற மெஷினில் பழைய சேலை, கயிறு எல்லாம் சுற்றிக்கொள்ளும். மெயினை அணைத்துவிட்டு ஒருவன் உள்ளே இறங்கி அறுத்தெடுக்க வேண்டும். அணைத்த மெயினை வேறு யாரும் போடாமல் பூட்டிவைக்கப் பூட்டு வாங்கி ஆபீஸ் பீரோவில் வைத்திருக்கிறார்கள், சோதனைக்கு ஆள் வந்தால் காட்ட. மற்ற நாளில் துண்டுதான். உள்ளே இறங்குகிறவன் தன் துண்டை மெயின் கைப்பிடியில் தொங்கவிடுவான். வெளியே வந்து அவன்தான் எடுக்கவேண்டும். மேனேஜரே ஆனாலும் தொடமாட்டார். ஒரு முழத் துணியை நம்பி உயிரை வைக்கிற புத்திசாலிகள்.

அன்று மத்தியானம் தர்மன் சாப்பிடப் போயிருந்தான். அறிவரசன் துண்டைத் தொங்கவிட்டு இறங்கினான்.

"துண்டப் பாத்துக்கடா, இந்தா வந்துட்டேன்."

பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். வேர்வை ஊறிய துண்டு, கையால் தொட மனசு வரவில்லை. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பிக் கீழே தள்ளினேன். மெயின் கைப்பிடியைத் தூக்கிவிட்டேன், பெட்டிக்குள் 'டக்' என்று கேட்டது. அவனுக்கும் கேட்டிருக்கிறது.

"டேய் பிரேமு, என்னடா சத்தம்?"

அப்போதாவது மரியாதையாகக் கேட்டிருக்கலாம். பச்சை பட்டனை அழுத்தினேன்.

ஓடிவந்து நிறுத்தியவன் தர்மன். சுவிட்சில் அவன் கையைப் பார்த்தவர்கள்தான் உங்களிடம் வந்து உளறியிருக்கிறார்கள். அந்தக் கோழை செய்ததாக ஊர் பேசுவதை என்னால் பொறுக்க முடியவில்லை, அதனால்தான் வந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் அறிவரசனின் அம்மா ஆண்டாயி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நீங்களாச்சும் பக்கத்துல இருந்தீங்களே தம்பி. எம்புள்ள கடைசியா என்னங்க சொன்னான்?"

"உங்களைத்தான் கூப்பிட்டான்" என்றேன். அழுதார். அவ்வளவு துக்கத்திலும் 'ங்க' விடவில்லை பாருங்கள். அந்தப் பண்பில் பாதி மகனுக்கு இருந்திருந்தால் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான்.

பிறகு குழாயடிக்குப் போய், முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினேன். அதை வைத்துத் தப்பாக எழுதிவிடாதீர்கள் சார். சாதி பார்க்கிறவனாக இருந்தால் அந்தம்மாவைத் தொடவே விட்டிருக்க மாட்டேன்.