இரும்புக்கு ஏது வாய்

அதுக்குள்ள எழுதிட்டீங்களா டாக்டரம்மா? காது நல்லா இருக்குன்னா? ஐயோ, வேணாம்மா. அத அடிச்சுட்டு, நல்லா இல்லன்னு எழுதுங்க... இல்லம்மா, விளையாடல. கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன்தான், ஒத்துக்கிறேன். காது பாக்குற மிஷின் ரிப்பேர்னு நீங்க பேசிப் பாத்தீங்க, நானும் டக்குடக்குன்னு பதில் சொல்லித் தொலைச்சுட்டேன். பழக்க தோஷம்.

ரெண்டு நிமிஷம் உக்காந்துக்கிறேனே. வெளிய யாரும் இல்ல, நான்தான் கடைசி.

வேலைக்கு டிமிக்கி குடுக்குறவன்னு நினைச்சுடாதீங்க. எங்க ஃபோர்மேன் அப்படித்தான் நினைக்கிறாரு. காது கேக்கலைங்கன்னு போய் நின்னேன். எப்பலேர்ந்துன்னு கேட்டாரு. ஒரு வருஷமா இருக்கும்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாரு மனுஷன். கேக்காத காதுக்கு என் கேள்வி மட்டும் எப்படிய்யா கேட்டுச்சுன்றாரு. சுரங்கத்துல இறங்காம மேல உக்காந்து டீ குடிக்க ஆசை வந்துடுச்சான்றாரு.

நானா நின்னுட்டா வேலையோட குவார்ட்டர்ஸும் போயிடும். பொண்ணும் மாப்பிள்ளையும் அங்கதான் எங்களோட இருக்காங்க. நீங்க எழுதிக் குடுத்தா மேல பட்டறையில ஏதாவது ஒரு மூலையில போட்டு வைப்பாங்க. அதுக்குத்தாம்மா கெஞ்சுறேன்.

சுரங்கத்துக்குள்ள இறங்கியிருக்கீங்களா?... இல்லையா? சரி. கூரை விழாம இருக்க பாதை நெடுக இரும்பு வளைவு நிறுத்தியிருப்போம். ஒவ்வொண்ணும் மூணு துண்டு. ஒண்ணோட முனை இன்னொண்ணுக்குள்ள உக்காந்திருக்கும், அதுமேல கிளாம்ப் போட்டு போல்ட்டு முறுக்கியிருக்கும். முறுக்குறதுதான் என் வேலை. ரொம்ப இறுக்கிடவும் கூடாது, லூசாவும் விடக் கூடாது. பாறை மேலேர்ந்து அமுக்குறப்ப துண்டு கொஞ்சம் வழுக்கி உள்ள போகணும்... ஆமாம்மா, போகணும். விட்டுக்குடுக்கணும். விறைச்சுக்கிட்டு நின்னா முறிஞ்சிடும். அந்தப் பாறைய நிறுத்தவெல்லாம் யாராலயும் முடியாது, அது இறங்கியே தீரும். மெல்ல இறங்க விட்டுட்டு, நடுவுல நாம வேலைய முடிச்சு வெளிய வந்துடணும், அவ்வளவுதான்.

வழுக்குறப்ப அது கத்தும். கிரீச்சுன்னு ஒரு கத்து கத்திட்டு நின்னா ஒண்ணுமில்ல. என் வீட்டுக்காரி மாதிரி, கத்தி முடிச்சதும் வேலையப் பாக்கலாம். நிறுத்தாம அடுத்தடுத்து கத்துச்சுன்னா, இனிமே வழுக்க இடமில்லன்னு அர்த்தம். போட்டது போட்டபடி ஓடணும்.

போன வாரம் அப்படித்தான் கத்தியிருக்கு. நான் ஸ்டூல் மேல ஏறி, செவுத்தப் பாத்துக்கிட்டு போல்ட்டு முறுக்குறேன். பின்னாடி பசங்க தலையில இருந்த லைட்டெல்லாம் போயிடுச்சு. சரி, பசங்க டீக்குப் போயிட்டானுங்க போலன்னு நான்பாட்டுக்கு முறுக்கிட்டு இருக்கேன். யாரோ சட்டைக் காலரப் புடிச்சு இழுத்தாங்க பாருங்க, மல்லாக்க விழுந்தேன். தரதரன்னு இழுத்துட்டு ஓடுறாங்க. ஸ்டூல் இருந்த இடத்துல கூரை மொத்தமா வந்து உக்காந்துடுச்சு.

இழுத்தது மாப்பிள்ளை. என் பொண்ணு புருஷன். எல்லாரோடயும் சேந்து ஓடினவரு, நான் வரலன்னு தெரிஞ்சு திரும்பி வந்திருக்காரு.

வீட்டுல மூச்சு விடல. மறுநாள்லேர்ந்து என் பக்கத்துலயே நிக்கிறாரு. ஒரு கை வேலையில, ஒரு கை என் தோள்ல. கத்துச்சுன்னா ஒரு அமுக்கு அமுக்குவாரு, நான் இறங்கிடணுமாம். எனக்கு உயிரே போகுதும்மா. நான் போனா போறேன், வயசாச்சு. அவரு திரும்பி வருவாரும்மா. ஓட வேண்டிய நேரத்துல எனக்காகத் திரும்பி உள்ள வருவாரு. பெத்த மகனா இருந்தா ஒரு அறை விட்டு, நீ ஓடுடா நாயேன்னு சொல்லிடுவேன். மாப்பிள்ளைய எப்படிம்மா சொல்றது? தயங்கித் தயங்கி, நீங்க வேற செட்டுக்கு மாறிக்கிறீங்களான்னு கேட்டேன். சரிங்க மாமா, நீங்களும் வாங்கன்றாரு.

பொண்ணுக்கு எதுவும் தெரியாது. தினமும் வாசல்ல நின்னு, அப்பா அவரப் பாத்துக்கோங்கன்னு சொல்லி அனுப்புது.

என்னது?... இவ்வளவு நேரம் உங்ககிட்ட எப்படிப் பேசுறேன்னா?

உங்க வாயப் பாத்துத்தாம்மா. ஆம்பளைங்க குரல்னா கிட்டத்துல கொஞ்சம் உறுமலா வரும். உங்க குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. கீழயும் அப்படித்தான் ஓட்டிட்டேன், ஆளுக்கொரு லைட்டு தலையில இருக்கே, மூஞ்சி தெரியும். இரும்புக்கு ஏதும்மா வாய்?

நம்பலையா? சும்மா சொல்றேன்னு நினைக்கிறீங்க, மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. எந்திரிங்க. அந்த ஜன்னல் பக்கம் திரும்பி நின்னு ஏதாவது கேளுங்க. என்ன வேணா கேளுங்க. நான் பதில் சொல்லிட்டா, நல்லா இருக்குன்னே எழுதிக்கோங்க, எந்திரிச்சுப் போயிடுறேன்.

ம், கேளுங்க...

கேளுங்கம்மா, காத்துட்டு இருக்கேன்...

என்னம்மா திரும்பிட்டீங்க? ஏன் ஒரு மாதிரி பாக்குறீங்க?

கேட்டுட்டீங்களா?